“இது டிகிரிதானா, ஹஜ்ரத்?”



சென்ற மாதம் ஒரு நாள் மாலை. பிள்ளைகளுக்குப் பாடம் முடித்துப் பாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தாயில்பட்டியைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் மதரஸாவின் வாசலில் வந்து நின்றார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை பார்ப்பவர். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக் கண்களில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் போகாத கைகள் அவருடையவை. அந்தக் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவருடைய மகன் என்னிடம் ஓதிய பிள்ளை. இப்போது பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்கிறான்.

“இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க ஹஜ்ரத். அச்சுத் தொழில் படிப்பு, பி.வோக்.னு போட்டிருக்கு. இது டிகிரிதானா?”

வாங்கிப் பார்த்தேன். மூன்றாண்டுப் படிப்பு, பாதிக்கு மேல் தொழிற்பயிற்சி, ஓராண்டோடு நிறுத்தினாலும் சான்றிதழ் உண்டு என்று அச்சிட்டிருந்தார்கள். “டிகிரிதான்” என்று உடனே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என்னுடைய தயக்கத்திற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

நான் அரபுக் கல்லூரியில் ஏழாண்டுகள் ஓதி ஸனது பெற்றவன். பின்னர் ஓர் அலுவலகத்தில் வேலைக்கு மனுச் செய்தபோது, அங்கிருந்தவர் அந்த ஸனதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், “இது எந்தப் பட்டத்துக்குச் சமம்?” என்று கேட்டு மேசையின் இந்தப் பக்கமே தள்ளி வைத்தார். ஏழாண்டு உழைப்பு அந்த மேசையில் எடுபடவில்லை. ரோஷத்தோடு படித்து வரலாற்றில் இளங்கலைப் பட்டம் வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு அச்சகம் ஒன்றிற்குப் போனேன். உரிமையாளர் ஒரு தாளை என் கையில் கொடுத்து, “இது எத்தனை ஜி.எஸ்.எம். இருக்கும், சொல்லுங்கள்” என்றார். தாளுக்கு அப்படியொரு அளவு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் மரியாதையாகத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். கல்வியைக் காட்டச் சரியான காகிதம் இல்லாமல் ஒரு முறையும், காகிதம் இருந்து கைத்தொழில் இல்லாமல் ஒரு முறையும் வெறுங்கையோடு திரும்பியவன் நான். ஆகவே தொழிலும் பட்டமும் ஒரே படிப்பில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆசையும் வரும்; ஐயமும் வரும்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்க நாட்டில் ‘சமுதாயக் கல்லூரி’ என்ற ஏற்பாடு நூறாண்டுகளைத் தாண்டியது. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது அதன் முன்னோடி. வீட்டிலிருந்தே போய் வரலாம், கட்டணம் குறைவு, இரண்டாண்டுப் படிப்பு, உள்ளூரில் என்ன வேலைக்கு ஆள் வேண்டுமோ அதற்கான பயிற்சி. நெடுங்காலம் அக்கல்லூரிகளுக்கு இளங்கலைப் பட்டம் வழங்கும் உரிமை பெரும்பாலும் இல்லை. பட்டம் வேண்டுமானால் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். 2001-இல் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கல்லூரிக்கு அம்மாநிலம் அந்த உரிமையைக் கொடுத்தது. பின்னர் வாஷிங்டன் மாநிலமும் கொடுத்தது. கலிபோர்னியா 2014-இல் 15 கல்லூரிகளில் சோதித்துப் பார்த்து, 2021-இல் நிலையான சட்டமாக்கியது. இந்தத் தொழிலுக்கு இந்த வட்டாரத்தில் ஆள் தேவை என்று கல்லூரி நிரூபிக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே இருக்கும் படிப்பையே மறுபடி தொடங்கக் கூடாது. இவையே அங்கே விதித்த நிபந்தனைகள்.

இதில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. வட கலிபோர்னியாவின் மலைப் பகுதியில் ஃபெதர் ரிவர் கல்லூரி என்றொரு சிறு கல்லூரி. 2021-ஆம் ஆண்டுக் கோடையில் அந்த மாவட்டத்தில் மூண்ட பெருங்காட்டுத் தீயில் கிரீன்வில் என்ற சிற்றூர் ஏறக்குறைய முழுவதும் சாம்பலாயிற்று. அதன் பிறகு அந்தக் கல்லூரி, காட்டுத் தீயை அறிந்து கையாளவும் எரிந்த காட்டை மீட்கவும் கற்பிக்கும் ஓர் இளங்கலைப் பட்டத்தைக் கொண்டுவந்தது. “எங்களிடம் இதுபோன்ற படிப்பு இருக்கிறதே!” என்று மாநிலப் பல்கலைக்கழகத் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. அந்தப் படிப்பு இருக்கும் இடம் எங்கோ தொலைவில். எரிந்த ஊர் இங்கே. தீயோடு குடித்தனம் நடத்தும் ஊர்க்காரனுக்கு இதில் எது நியாயம் என்று புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது.

நம் நாட்டுக்கு வருவோம். 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை மயிலை கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் போன்ற கல்வியாளர்கள் அதைத் தமிழகம் எங்கும் கொண்டுசென்றார்கள். பள்ளியை இடையில் விட்டவர்கள், தேர்வில் தவறியவர்கள், வேலையற்ற பெண்கள் ஆகியோருக்கு ஓராண்டில் வாழ்க்கைத் திறனும் தொழில் திறனும் தந்து, வேலையிடத்திலேயே பயிற்சியும் கொடுத்தார்கள். பின்னாளில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அவற்றுக்கு அங்கீகாரம் அளித்தது. பிற சமயத்தார் செய்த நற்செயலைப் பாராட்டுவதில் நமக்குக் கஞ்சத்தனம் கூடாது. நம் ஜமாஅத்துகள் திருமண மண்டபங்கள் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் இதைச் செய்தார்கள்.

ஆனால் அந்தப் படிப்பு பட்டயத்தோடு நின்றது. மேலே படிக்கட்டு இல்லை. 2009-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய சமுதாயக் கல்லூரித் திட்டம் நாடெங்கும் பரவி, சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. இப்படிப்பட்ட நேரங்களில் பாதியில் நிற்கும் பிள்ளைகளின் கதி என்ன என்பதைச் சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் எண்ணிப் பார்க்கிறார்களோ என்னவோ!

2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. அதையொட்டி 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘பி.வோக்.’ எனும் தொழில்சார் இளங்கலைப் பட்டத்துக்கு வழி செய்தது. நண்பர் கொண்டுவந்த துண்டுப் பிரசுரத்தில் இருந்தது இதுதான். அக்குழு வகுத்த நெறிமுறையின்படி ஆண்டுக்கு 60 மதிப்பலகுகள். அவற்றில் 36 தொழிலுக்கு, 24 மொழி முதலான பொதுக் கல்விக்கு. ஓராண்டு முடித்தால் பட்டயம், இரண்டாண்டு முடித்தால் உயர்நிலைப் பட்டயம், மூன்றாண்டும் முடித்தால் பட்டம். இடையில் வேலைக்குப் போனவன் மறுபடி வந்து விட்ட இடத்திலிருந்து படிக்கலாம் என்பது அதன் உள்நோக்கம். ‘ஏதேனும் ஒரு பட்டம்’ போதும் என்று கேட்கும் வேலைகளுக்கு இதையும் ஏற்க வேண்டும் என்று மானியக் குழு தெரிவித்தும் இருக்கிறது.

“அப்படின்னா டிகிரிதான்” என்றார் நண்பர், நிம்மதியோடு.

அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். “அச்சுத் தொழிலுக்கு வந்ததைப் போல நாளைக்குப் பட்டாசுத் தொழிலுக்கும் ஒரு பட்டம் வந்தால், பிள்ளையைச் சேர்ப்பீர்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். “எங்க அத்தா இந்த மருந்து வாசத்திலேயே மௌத்தானாரு. நானும் இதிலேயே கிடக்கேன். அவன் கையில இது ஒட்டக் கூடாதுன்னுதானே ஹஜ்ரத் படிக்க வைக்கிறேன்? அதையே போய் டிகிரியாப் படிக்கச் சொல்றீங்களே!”

வாசகர்களே, இந்த வார்த்தைக்கு அன்றிரவு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் முழுப் பதில் இருப்பதாகச் சொல்லமாட்டேன். ஆயினும் இந்த ஒரு மாதமாக எண்ணியவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் வட்டாரத்துத் தொழிலே ஒரு கல்வியில் பிறந்ததுதான். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய், மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு அந்தப் பயணம் சோறு போட்டது. தீப்பெட்டியிலிருந்து பட்டாசு வந்தது. பெட்டிக்கு ஒட்டும் வண்ணப் படங்களுக்காக அச்சுத் தொழில் வளர்ந்து, நாட்காட்டிகளும் நாட்குறிப்புகளும் நாடெங்கும் போயின. செல்வம் சேர்ந்ததும் அந்தப் பெரியவர்கள் கல்விக்கு அள்ளிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1963-இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968-இல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி, 1984-இல் மெப்கோ ஸ்லெங்க் பொறியியல் கல்லூரி என வரிசையாக எழுந்தன. பெயர்களைக் கவனியுங்கள். பட்டாசின் பெயரும், பட்டாசுக்கு வேண்டிய உலோகப் பொடி செய்யும் நிறுவனத்தின் பெயரும் கல்லூரி வாசல்களில் இருக்கின்றன. ஆனால், மருந்து அறைக்குள் நிற்கிற தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த மருந்தைப் பற்றிய அறிவு ஒரு பட்டமாகக் கிடைக்கும் வழி அவ்வளவு எளிதாக அமையவில்லை. அவன் பி.காம். படிக்கிறான். படித்து முடித்து, அதே ஆலையின் அலுவலகத்தில் சரக்கு ரசீது எழுதுகிறான். அல்லது சென்னைக்கு ரயிலேறுகிறான். விடுமுறை நாட்களில் கல்லூரிக் கட்டணத்துக்காக அவனே திரி செருகப் போவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மருந்து அறையில் என்ன நடக்கிறது? வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி இவற்றைச் சலித்துக் கலக்கிறார்கள். எந்த விகிதம் என்பது வாய்மொழியாகக் கைமாறிய அறிவு. வெயில் ஏறுமுன் கலந்து முடிக்க வேண்டும், அன்று கலந்ததை மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பது ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும். ஏன் என்பது பலருக்குத் தெரியாது. அலுமினியப் பொடியும் நைட்ரேட் உப்பும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானாகவே சூடேறத் தொடங்கும். அந்தச் சூடு வினையை மேலும் விரட்டும். நெருப்பும் வேண்டாம், உராய்வும் வேண்டாம். ஓரளவு போரிக் அமிலம் சேர்த்தால் அந்த வினை அடங்கியிருக்கும். மருந்திலிருந்து அம்மோனியா நெடி வீசினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள். நண்பரிடம் இதைக் கேட்டேன். “நெடி வந்தா தள்ளி நின்னுக்கணும்னு எங்க போர்மேன் சொல்லியிருக்காரு” என்றார். அந்தப் போர்மேனுக்கு யார் சொன்னார்கள்? அவருக்கு முன்னிருந்த போர்மேன்!

முன்னோரிடமிருந்து வாய்வழியாகக் கற்பதை நான் இழிவாகச் சொல்லவில்லை. எங்கள் ஓதும் முறையே அதுதான். யாரிடம் கற்றோம், அவர் யாரிடம் கற்றார் என்ற சங்கிலியைத்தான் ஸனது என்கிறோம். ஆனால் அங்கே ஒரு சொல் பிசகினால் உஸ்தாத் திருத்துவார். இங்கே பிசகினால் திருத்துவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பதுக்கு நெருங்கிய உயிர்கள் போயின. வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடி வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். எரியும் வெடிமருந்துக் கிடங்கிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்ற பாடம் அவ்வூரில் யாருக்கும் நடத்தப்பட்டிருக்கவில்லை. அன்று ஆசிரியர் தினம். 2021 பிப்ரவரி 12-இல் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு எங்கள் தாயில்பட்டியிலேயே ஒரு வீடு வெடித்துச் சிதறியது. வீட்டில் வைத்துப் பட்டாசு செய்திருக்கிறார்கள்.

படிப்பு வந்துவிட்டால் விபத்து நின்றுவிடும் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்க வேண்டும். உரிமத்தை உள்குத்தகைக்கு விடுவது, அறைக்கு நால்வர் என்று வைத்த இடத்தில் பலரை அடைப்பது, தீபாவளி நெருங்கும்போது மரத்தடியில் உட்கார்த்தி வேலை வாங்குவது, இவையெல்லாம் ரசாயனம் தெரியாததால் நடப்பவை அல்ல, பேராசையால் நடப்பவை. ஆயினும், “இது கூடாது, இன்ன விதிப்படி இது குற்றம்” என்று அறைக்குள் நின்று சொல்லக்கூடிய ஒருவர் அந்த வேலை பார்க்கும் வீட்டிலிருந்தே படித்து வந்தால், அவருடைய பேச்சுக்கு ஒரு கனம் உண்டு. எங்கள் ஊரில் டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று ஆலைகளை வகை பிரித்துச் சொல்வார்கள். எந்த அலுவலகம் எந்த ஆலைக்கு உரிமம் கொடுத்தது என்பது தொழிலாளிக்கும் தெரியும். அந்த உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியாது.

இன்னொன்று. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, புகை குறைந்த பட்டாசுகளையே செய்ய வேண்டும் என்றது. பச்சை உப்பு என்று இங்கே சொல்வார்களே, அதுதான் பேரியம் நைட்ரேட். சரம் பின்னிக்கொண்டிருந்த எத்தனையோ தாய்மார்களின் கூலி ஒரே தீர்ப்பில் நின்றது. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகமான நீரி புதிய கலவை முறைகளை உருவாக்கிக் கொடுத்தது. நூறாண்டாகத் தொழில் செய்த ஊர், தன் தொழிலின் அடுத்த கலவையைக் கற்க வெளியூர் ஆய்வகத்தின் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த ஆய்வு அறையில் எங்கள் பிள்ளைகள் சிலர் வெள்ளை அங்கி அணிந்து நின்றிருந்தால் எப்படியிருந்திருக்கும்!

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்கள் திருப்பூரைப் பார்க்கட்டும். பின்னலாடைக்கு ஆள் வேண்டும் என்று அங்குள்ள ஏற்றுமதியாளர் சங்கம் 1997-இல், தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டுடன் சேர்ந்து ஒரு கல்லூரியையே தொடங்கியது. பாரதியார் பல்கலைக்கழகத்தின் பட்டம் அங்கே கிடைக்கிறது. கடலோரத் தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீனுக்கும் பின்னலாடைக்கும் பட்டம் உண்டு. வெடிமருந்தைக் கையாளுகிற கைக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

ஆனால் நண்பருடைய கோபம் இத்தோடு அடங்கிவிடாது, அடங்கவும் கூடாது. ‘வட்டாரத் தேவைக்கேற்ற படிப்பு’ என்று பேசுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. யாருடைய தேவை? ஆலை உரிமையாளருக்கு மலிவாகப் படித்த கையாள் தேவை. வட்டாரத்துக்கு அதைவிட அதிகம் தேவை. தீக்காயத்தைக் கையாளத் தெரிந்த செவிலியர் தேவை. மருந்தைச் சோதிக்கும் ஆய்வகப் பணியாளர் தேவை. இழப்பீட்டு மனுவை ஒழுங்காக எழுதித் தரும் ஒருவர் தேவை. தொழிற்சாலைகளை ஆய்வு செய்யும் அலுவலர் தேவை. பட்டாசு ஓய்ந்த மாதங்களில் கஞ்சி குடிக்க மாற்றுத் தொழில் தேவை. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடப்பதை அறிந்த எவரும், ஒரே தொழிலை நம்பி ஒரு தலைமுறைக்குக் கல்வித் திட்டம் போடமாட்டார். அதனால்தான் அந்த 24 மதிப்பலகுப் பொதுக் கல்வியை நான் பெரிதாக மதிக்கிறேன். தொழிலதிபர்கள் சிலருக்கு அது வீண் பாடமாகத் தோன்றும். “ஆங்கிலமும் கணக்கும் எதற்கு? கை ஓடினால் போதாதா?” என்பார்கள். அவர்கள் பிள்ளைகளை மட்டும் கை ஓடினால் போதும் என்று எந்தக் கல்லூரிக்கும் அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை!

என் வயதொத்தவர்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் பள்ளிக்குப் புறப்படுமுன்பே, இருட்டோடு வந்து நிற்கும் ஆலைப் பேருந்தில் எங்கள் தோழர்கள் தூக்கத்திலேயே ஏறிப் போவார்கள். தீப்பெட்டிக் குச்சி அடுக்கிய பிஞ்சு விரல்கள் அவை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மெல்ல மெல்லப் பேருந்துகளில் குழந்தைகள் குறைந்தார்கள். அந்தத் தோழர்களுடைய பிள்ளைகள்தாம் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். ‘தொழிற்கல்வி’ என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தகப்பனின் முகம் இருளுகிறது என்றால், அந்த இருட்டு அந்தப் பேருந்திலிருந்து வருகிறது. அவனைப் பத்தாம்பசலி என்று திட்டுவது எளிது; அவன் கண்டதை நாம் காணவில்லை.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளைகளை வெளியூர் விடுதியில் விட மனமில்லாமல் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்துகிற வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு. போய் மாலையில் திரும்பும் தூரத்தில் ஒரு பட்டம் கிடைக்குமானால் அவர்களுக்குத்தான் முதல் லாபம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. 2024-இல் மாணவர்களுக்கும் அதுபோல ஒன்று வந்தது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது காணும். விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

இனி நண்பரின் கதைக்கு வருகிறேன். மறு வாரம் அவரும் பையனும் நானும் அந்தக் கல்லூரிக்கே போனோம். மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் சென்றிருந்தோம். பட்டச் சான்றிதழில் கையொப்பமிடுவது எந்தப் பல்கலைக்கழகம், இந்த ஆண்டுக்கான அனுமதிக் கடிதத்தைக் காட்ட முடியுமா என்பது முதலாவது. பயிற்சிக்கு அனுப்பும் அச்சகம் எது, அங்கே பிள்ளை எந்திரத்தில் நிற்பானா, அல்லது மூன்று மாதமும் கட்டுத் தூக்குவானா என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி பையன் தானே எழுதியது: “இதைப் படித்த பிறகு இந்தத் தொழில் எனக்கு வேண்டாம் என்று தோன்றினால், எந்த முதுகலைப் படிப்பில் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள்?”

துறைத் தலைவர் நல்ல மனிதர். அனுமதிக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். அச்சகத்தின் பெயரையும் சொன்னார். முன்பு அங்கே பயிற்சி பெற்று, இப்போது அங்கேயே நிறக்கலவை பார்க்கும் மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் பேசவும் வைத்தார். பையன் கேட்டதும் அவரிடம், “எத்தனை ஜி.எஸ்.எம். தாள் அண்ணே ஓட்டுறீங்க?” என்பதுதான். நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்!

மூன்றாவது கேள்வியில் அவர் சற்றுத் தடுமாறினார். சில பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளும், சில சேர்த்துக்கொள்ளா, ஒவ்வொன்றின் விதியையும் பார்க்க வேண்டும் என்றார். எங்களுக்கு எழுத்தில் வேண்டும் என்று கேட்டோம். பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

திரும்பி வரும் பேருந்தில் நண்பர் வெகுநேரம் பேசவில்லை. வெம்பக்கோட்டை நெருங்கும்போது, “பட்டாசு டிகிரி வந்தா, அதுல அந்த நெடி ஏன் வருதுன்னு சொல்லித் தருவாங்களா ஹஜ்ரத்?” என்று கேட்டார். தருவார்கள் என்றேன். “நாங்க போய்ப் படிக்க முடியுமா? இந்த வயசுல?”

சேர்க்கைக்குக் கடைசி நாள் வரும் வியாழக்கிழமை. கல்லூரியிலிருந்து கடிதம் இன்னும் வரவில்லை. நிரப்பிய விண்ணப்பம் அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கிறது.